கழுவுதொட்டிக்கு நாடி பார்த்தல்

‘சிங்க்’ என்று நாம் அழைக்கும் சமையலறைக் கழுவுதொட்டியில் நீர் தயங்கித் தயங்கி இறங்கத் தொடங்கியதும், பலர் கடைக்கு ஓடிக் கோஸ்ரிக் சோடா வாங்கி வந்து கொட்டுகின்றனர். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவோமா? தேங்கிய நீரிற் சேர்ந்ததும் அச்சோடா கொதித்துச் சீறும். கண்ணிற் பட்டாற் பார்வையையே கெடுக்கும். அதை ஊற்றியும் அடைப்பு நீங்காவிடின், பின்னர் குழாயைக் கழற்றுபவர் கையை அது பதம் பார்க்கும். வெளிற்றுந் தூளையும் அமிலத்தையும் ஒன்றன்மேலொன்றாக இடுவதோ இன்னும் கொடிது. எழுவது நச்சுக் குளோரின் வாயு.

முதலிற் குளியலறைக்குச் சென்று பாருங்கள். அங்கே நீர் தடையின்றி ஓடுமாயின், குற்றம் கழுவுதொட்டியை அடுத்தே உள்ளது. அதன் அடியில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாந்தர் கமிங் என்பார் 1775 இல் கழிப்பறைக்கெனக் காப்புரிமை பெற்ற ‘எஸ்’ வளைவின் வழித்தோன்றல் அது. அவ்வளைவில் எந்நேரமும் நிற்கும் நீரே துர்நாற்றத்தை மறிக்கும் கதவு. மீன் செதிலும் தேங்காய்ப்பூவும் தங்குமிடமும் அதுவே. கீழே வாளி வைத்து, வளைவைத் திருகிக் கழற்றிக் கழுவிப் பூட்டுங்கள்.

அதன்பின்னும் நீர் தயங்கினால், சுவருக்கு அப்பால் எண்ணெய் படிந்திருக்கலாம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறைவது. மன்னார்க் கரையின் பகல் வெயிலில் உருகிக் கிடப்பது, தை மாதத்து விடியலிற் குழாயிற் பற்றிக்கொள்ளும். வன்னீரோடு சவர்க்காரம் சேர்ந்தால் அதன் மேல் வெண்படிவும் ஏறும். 2017 இல் இலண்டன் வைற்சப்பலில் நிலத்தடிக் கால்வாயை அடைத்த கொழுப்புப் பாறை 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் கொண்டது! பொரித்த எண்ணெயைப் பழைய பேணியில் ஊற்றி வைப்பதே மேல்.

குளியலறை நீரும் சேர்ந்து தேங்குமாயின் முற்றத்துக்கு வாருங்கள். வெள்ளாங்குளம் போன்ற ஊர்களிற் பொதுக் கழிவுநீர்க் கால்வாய் இல்லை. வீட்டு நீரை வளவின் மண்ணே ஏற்கவேண்டும். வடகீழ்ப் பருவமழையில் நிலத்தடி நீர் உயர, உறிஞ்சு குழியில் இடமின்றிப் போகிறது. ஆடியில் நன்கு ஓடிய கழுவுதொட்டி கார்த்திகையில் தேங்கினால், குழாயைப் பழித்துப் பயனென்ன? குழியின் மூடியை விலக்கி, எட்ட நின்றே பாருங்கள், உள்ளே இறங்கலாகாது. குழாய் வாய்மட்டத்துக்கு நீர் நிற்பின் காரணம் அதுவே.

இங்கேதான் கவலைப்பட வேண்டும். குழி நீர் கலக்கும் அதே நிலத்தடி நீரைத்தான் கிணறும் சுரக்கின்றது. குழி கிணற்றை ஒட்டி இருப்பின், அந்நாள்களிற் குடிநீரைக் கொதிக்கவைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மழை ஓய்ந்து நிலம் காய்ந்ததும், கிணற்றுக்குத் தொலைவாய், வளவின் தாழ்ந்த பக்கத்திற் புதுக்குழி வெட்டுங்கள்.