வளையப் பண்பேற்றம்

வளையப் பண்பேற்றம் என்பது இரண்டு ஒலிக் குறிகைகளை ஒன்றோடொன்று பெருக்கி, அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையையும் வேறுபாட்டையும் மட்டும் வெளியே தரும் முறையாகும். இசைக்கலைஞர்கள் இதனை ரிங் மாடுலேஷன் என்றே அழைக்கின்றனர். சிந்தசைசரிலும் மின் கிதாரிலும் மணியோசை, உலோக ஒலி, இயந்திரக் குரல் போன்றவற்றை உருவாக்க இது பயன்படுகிறது. உள்ளே அனுப்பிய சுரம் அப்படியே வெளியே வராது என்பது இதன் தனித்தன்மை. எந்த அதிர்வெண்ணால் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு இசையாகவோ இரைச்சலாகவோ அமைகிறது.

பெயர்க் காரணம்

தொடக்ககாலச் சுற்றுகளில் நான்கு டையோடுகள் ஒன்றன் வாலை மற்றொன்றின் தலை தொடுவதுபோல வளையமாக இணைக்கப்பட்டன. இருபுறமும் ஒவ்வொரு மின்மாற்றி இருந்தது. இந்த வளைய அமைப்பினால் இப்பெயர் வந்தது. இன்றைய கருவிகளில் பெருக்கல் பணியைச் செய்யும் ஒருங்கிணைந்த சுற்றுகளும் மென்பொருளும் வந்துவிட்டபோதும் பெயர் மாறவில்லை.

செயற்படும் விதம்

இரு சைன் அலைகளைப் பெருக்கினால், அதிர்வெண்களின் கூட்டுத்தொகையில் ஒன்றும் வேறுபாட்டில் ஒன்றுமாக இரு அலைகள் கிடைக்கும். மேல்நிலைப் பள்ளிக் கணிதத்தில் வரும் முக்கோணவியல் முற்றொருமையே இதன் அடிப்படை. கருவியின் ஒலி 300 ஹெர்ட்ஸ், ஊர்தி அலை 240 ஹெர்ட்ஸ் எனில், வெளியே 540 ஹெர்ட்ஸும் 60 ஹெர்ட்ஸும் கேட்கும். 300, 240 இரண்டும் மறைந்துவிடும். வானொலியில் பயன்படும் வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையும் உடன் செல்லும். இங்கே அதுவும் நீக்கப்படுவதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

ஊர்தி அலை 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருந்தால் புதிய சுரங்கள் தனியே கேட்பதில்லை. ஒலி ஏறி இறங்கி நடுங்குவதாகத் தோன்றும். 5 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் வினாடிக்கு 10 முறை ஒலி எழுந்து தணியும். அலையின் மேற்பாதி, கீழ்ப்பாதி இரண்டிலும் ஒலி எழுவதே இதற்குக் காரணம்.

மணியோசை ஏன் கிடைக்கிறது?

வீணை, கிதார் போன்றவற்றின் தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் ஒலிக்கின்றன. ஆகவே காது அதை ஒரே சுரமாக உணர்கிறது. சிதம்பரம் நடராசர் கோயிலில் பூசை வேளையில் ஒலிப்பது போன்ற வார்ப்பு மணிகளில் அவ்வாறில்லை. மணியின் பகுதி ஒலிகள் பல முழுமடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் மணியின் சுரம் இதுதான் என்று உடனே சொல்ல முடிவதில்லை.

வளையப் பண்பேற்றி தந்தியின் ஒலியை இதே நிலைக்குக் கொண்டுவருகிறது. கிதாரின் 110 ஹெர்ட்ஸ் தந்தியின் முதல் மூன்று பகுதி ஒலிகள் 110, 220, 330 ஆகும். ஊர்தி அலை 150 ஹெர்ட்ஸ் எனில் அவை 40, 70, 180, 260, 370, 480 என ஆறாகின்றன. மடங்கு ஒழுங்கு குலைந்து உலோக ஒலி பிறக்கிறது.

அதே தந்திக்கு ஊர்தி அலையை 55 ஹெர்ட்ஸில் வைத்தால் 55, 165, 275, 385 என 55-இன் ஒற்றை மடங்குகள் மட்டுமே கிடைக்கும். ஒலி ஒரு ஸ்தாயி கீழிறங்கி, கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியைப் போன்று உள்ளீடற்றதாகக் கேட்கும். ஒரே கருவி, ஒரே தந்தி. ஊர்தி அலை மட்டுமே மாறியிருக்கிறது.

சிந்தசைசரும் மின் கிதாரும்

சிந்தசைசரில் இரு அலையியற்றிகளும் விசைப்பலகையைப் பின்தொடரும்படி அமைக்கலாம். எந்த விசையை அழுத்தினாலும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாது. எனவே மணியோசை எல்லாச் சுரங்களிலும் ஒரே தன்மையுடன் இருக்கும். ஒலி சட்டெனத் தொடங்கி மெல்ல அடங்குமாறு அமைத்தால் மணி இன்னும் இயல்பாக இருக்கும்.

கிதாருக்கான பெடல்களில் பெரும்பாலும் ஊர்தி அலை ஒரே இடத்தில் நிற்கும். வாசிப்பவர் சுரத்தை மாற்றினாலும் அது மாறாது. இதனால் சுர இடைவெளிகள் குலைகின்றன. மேலே கண்ட 150 ஹெர்ட்ஸ் எடுத்துக்காட்டில் 110-லிருந்து 220-க்கு ஒரு ஸ்தாயி ஏறினால், கூட்டொலி 260-லிருந்து 370-க்குத்தான் ஏறும். மேல் சட்ஜத்தை வாசித்தவருக்குக் கிட்டத்தட்ட பிரதி மத்யமத்தின் தொலைவே கிடைக்கும்.

ஆதார சுருதியும் ஊர்தி அலையும்

கோர்வைகள் மாறிக்கொண்டே இருக்கும் இசையில் நிலையான ஊர்தி அலை எல்லா இடத்திலும் பொருந்துவது கடினம். கருநாடக இசையில் கச்சேரி முழுவதும் ஆதார சட்ஜம் ஒன்றே. ஆகவே ஊர்தி அலையைச் சட்ஜத்தில் நிறுத்தலாம். சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் எனக் கொண்டு, சங்கராபரண சுரங்களின் அடிப்படை அதிர்வெண்களுக்கு மட்டும் கணக்கிட்டால்:

• சட்ஜம் 240: கூட்டு 480 (மேல் சட்ஜம்), வேறுபாடு 0
• ரிஷபம் 270: கூட்டு 510 (மேல் சுத்த ரிஷபத்தை ஒட்டியது), வேறுபாடு 30 (மூன்று ஸ்தாயி கீழ்ச் சட்ஜம்)
• காந்தாரம் 300: கூட்டு 540 (மேல் ரிஷபம்), வேறுபாடு 60 (இரண்டு ஸ்தாயி கீழ்ச் சட்ஜம்)
• மத்யமம் 320: கூட்டு 560 (மேல் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையில்), வேறுபாடு 80 (இரண்டு ஸ்தாயி கீழ் மத்யமம்)
• பஞ்சமம் 360: கூட்டு 600 (மேல் காந்தாரம்), வேறுபாடு 120 (கீழ்ச் சட்ஜம்)
• தைவதம் 400: கூட்டு 640 (மேல் மத்யமம்), வேறுபாடு 160 (கீழ் மத்யமம்)
• நிஷாதம் 450: கூட்டு 690, வேறுபாடு 210 (இரண்டும் இராகத்துக்குப் புறம்பானவை)
• மேல் சட்ஜம் 480: கூட்டு 720 (மேல் பஞ்சமம்), வேறுபாடு 240 (சட்ஜம்)

பல சுரங்கள் சுருதியோடு இணைகின்றன, சில விலகுகின்றன. இராக இலக்கணத்தில் இது சிறிய செய்தியன்று. மோகனத்தில் மத்யமம் கிடையாது. ஆனால் தைவதத்தைத் தொட்டவுடன் கருவி தானாகவே மத்யமத்தைச் சேர்த்துவிடும். வாசிப்பவர் தவறாது வாசித்தும் அந்நிய சுரம் ஒலிக்கும். கமகத்திலும் கவனம் தேவை. ஊர்தி அலைக்குக் கீழுள்ள சுரத்தை மேலே இழுத்தால் கூட்டொலி ஏறும், வேறுபாட்டொலியோ இறங்கும்.

இதே சிந்தனையை மேற்கத்திய இசையிலும் காணலாம். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் இரு பியானோக்களுக்காக 1970-இல் இயற்றிய ‘மந்த்ரா’வில், ஒவ்வொரு பகுதியின் மையச் சுரத்துக்கு ஏற்ப ஊர்தி அலை அமைக்கப்படுகிறது. மையச் சுரம் தெளிவாகவும் மற்றவை வெவ்வேறு அளவில் கலங்கியும் கேட்கின்றன.

வரலாறு

தொலைபேசித் துறையில் ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்பும் தேவைக்காக 1930-களில் இச்சுற்று உருவாக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் கோவன் இதற்கு 1935-இல் காப்புரிமை பெற்றார். 1963-இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் டாலெக்குகளின் இயந்திரக் குரல் இம்முறையில் அமைந்தது. 1970-இல் வெளியான பிளாக் சபாத் குழுவின் ‘பாரனாய்டு’ பாடலில் டோனி ஐயோமியின் தனிக் கிதார் வாசிப்பில் இது ஒலிக்கிறது. இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரைக் கொண்டு மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்தார்.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

முதலில் ஊர்தி அலையைப் பாடலின் சுருதிக்கோ அதன் கீழ் ஸ்தாயிக்கோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கிதாரில் கோர்வைகளைத் தவிர்த்துத் தனிச் சுரங்களை வாசிப்பது நல்லது. டோன் குமிழைக் குறைத்தால் மேற்சுரங்கள் குறைந்து ஒலி தெளிவாகும். டிஸ்டார்ஷன் பெடலை முன்னால் வைத்தால் மேற்சுரங்கள் பெருகி இரைச்சல் கூடும். வாசிக்காதபோது ஊர்தி அலை மெலிதாகக் கசிந்து கேட்டால், இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் உதவும். மூல ஒலியைச் சிறிது கலந்துவிட்டால், சுரம் எது என்பது கேட்பவருக்குப் புலப்படும்.

கருவி வாங்காமலே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பியூர் டேட்டா போன்ற கட்டற்ற மென்பொருளில் இரு ஒலிகளைப் பெருக்கும் வசதி உள்ளது. தம்பூரா ஒலியின் சட்ஜத்தை அளந்து, அதே அதிர்வெண்ணால் தன் குரலையோ கிதாரையோ பெருக்கிப் பார்க்கும் மாணவர், மேலே தந்த பட்டியலின் இணைவுகளையும் விலகல்களையும் தம் காதாலேயே உணரலாம்.