வேங்கைவயல்: ஒரு குற்றமல்ல, ஒரு சுழற்சி

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிப்பட்டது. நேரில் சென்ற மாவட்ட ஆட்சியர், அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறையையும், அய்யனார் கோயிலில் நுழைவு மறுப்பையும் கண்டார். இவை மூன்றும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல.

உறுப்புகளை அன்றி, அவற்றின் பிணைப்புகளை ஆராய்வதே அமைப்பு அறிவியல். விளைவே மீண்டும் காரணமாவதை அது ‘பின்னூட்டம்’ என்கிறது. நிலமின்மை கூலிச் சார்பை வளர்க்கிறது. சார்பு எதிர்ப்பை அடக்குகிறது. எதிர்ப்பற்ற இடத்தில் இழிவு வழக்கமாகிறது. அவ்வழக்கமே நிலத்தை மறுக்கிறது. அம்பேத்கர் சுட்டிய படிநிலைச் சமத்துவமின்மை இச்சுழற்சியைக் காக்கிறது: தனக்குக் கீழே ஒரு படி இருப்பதால், எந்தப் படியும் ஏணியை எதிர்ப்பதில்லை.

யார் செய்தார் என்பதோடு வழக்கு நின்றுவிடும். எது இதைச் சாத்தியமாக்கியது என்றும் நாம் கேட்கிறோம். நிலம், கூலி, பொதுவெளி ஆகிய கண்ணிகளை ஒருசேர அறுக்காதவரை, புதிய தொட்டியும் பழைய ஊரில்தான் நிற்கும்.