உங்களுக்குத் தெரியுமா? நரம்பே இல்லாத நச்சுக்கொடி

● நச்சுக்கொடிக்குள் நரம்பு கிடையாது. உடம்பில் மற்ற இடங்களில் ரத்தக் குழாய் சுருங்க வேண்டுமா, விரிய வேண்டுமா என்பதை நரம்பு வழியே மூளை சொல்லியனுப்பும். இங்கே அந்தப் பேச்சுக்கே வழியில்லை. ஹார்மோன்களும், குழாய்ச் சுவர் தானே சுரந்துகொள்ளும் சில ரசாயனங்களும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.

● நிறைமாதத்தில் நச்சுக்கொடியின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. ஆரணித் தறியிலிருந்து இறங்கும் ஒரு பட்டுச் சேலையும் கிட்டத்தட்ட அந்த எடைதான். ஆனால் உள்ளே கிளைகிளையாகப் பிரிந்திருக்கும் நுண்ணிழைகளின் மேற்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 11 முதல் 13 சதுர மீட்டர் வரை வரும். மூடுவதற்கு ஒரு சேலை போதாது, இரண்டு வேண்டும். அந்தப் பரப்பின் ஒரு பக்கம் தாயின் ரத்தம், மறுபக்கம் பிள்ளையின் ரத்தம். இரண்டும் கலப்பதில்லை.

● கர்ப்பம் இல்லாத நாளில் கருப்பைக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி. பிரசவம் நெருங்கும்போது 500 முதல் 700 மில்லி. இந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு உண்டு. அது குழாயின் உட்சுவரைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது, குழாய் தளர்ந்து விரிகிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இதே நைட்ரிக் ஆக்சைடை நம்பித்தான் வேலை செய்கிறது.

● முதல் பத்து வாரம் தாயின் ரத்தம் நச்சுக்கொடிக்குள் சரியாகப் பாய்வதே இல்லை! கருவிலிருந்து வரும் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் சுரப்புதான் கருவுக்குச் சாப்பாடு. பிறகு அடைப்பு மெல்ல விலகுகிறது. அதற்குள் அதே செல்கள் தமனிச் சுவரின் தசையைக் கரைத்து, குழாயை அகலமாக்கி, இனி சுருங்கவே முடியாதபடி செய்துவிடுகின்றன. தாய் பயந்து அட்ரினலின் பொங்கினாலும் அந்த இடம் மசியாது. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை தனக்கான வழியைத் தானே வெட்டிக்கொள்கிறது என்றால் மிகையில்லை.

● அந்த வேலை அரைகுறையாக நின்றால்? குழாய் குறுகலாகவே இருக்கும், நச்சுக்கொடி ரத்தத்துக்குத் தவிக்கும். தவிக்கும் நச்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாய்களை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்ள, தாயின் உடம்பெங்கும் குழாய்கள் இறுகி பிபி ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் இது. (கறாராகப் பார்த்தால் இந்தப் புரதம் ஹார்மோன் அல்ல. ஆனால் ஓரிடத்தில் சுரந்து ரத்தத்தில் பயணம் செய்து தொலைவில் கைவரிசை காட்டுவதில் ஹார்மோனுக்குச் சளைத்ததும் அல்ல.) இதை 2003-ல் வெளிப்படுத்திய அமெரிக்க ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர் நம்ம சென்னையில் மருத்துவம் படித்துப்போன ஆனந்த் கருமஞ்சி. கர்ப்பமான எலிகளுக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்தபோது அவற்றுக்கும் பிபி ஏறியது. இதை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அனுமதி தந்தது.

● குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நெய்யும் பிள்ளைத்தாய்ச்சிக்கு மாலையில் பாதம் வீங்குவது ஊரறிந்த விஷயம். புரோஜெஸ்டிரோன் சிரைகளின் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை மேலிருந்து அழுத்துகிறது, ரத்தம் காலிலேயே தங்குகிறது. அவ்வப்போது எழுந்து நடந்து, காலை உயர்த்தி வைத்தால் வடிந்துவிடும். ஆனால் முகமும் கையும் வீங்கினால், தலைவலி விடாமல் அடித்தால், கண் மங்கினால் அது தறியின் குற்றமல்ல. பிபி 140/90-ஐத் தொட்டிருக்கலாம். பாவு பாதியில் நின்றாலும் சரி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

● ஆக்சிஜன் குறைந்தால் மூளையிலும் தசையிலும் ரத்தக் குழாய் விரியும். நச்சுக்கொடியில் பிள்ளைப் பக்கத்துக் குழாய்கள் தலைகீழாகச் சுருங்கும்! ஆக்சிஜன் இல்லாத மூலைக்கு ரத்தம் போய் என்ன பயன்? இருக்கும் இடத்துக்கே திருப்பிவிடுகின்றன. நுரையீரலும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

● மாதவிலக்கு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் மார்கீ என்ற அமெரிக்கர். பார்த்த இடம் குரங்கின் கண். ரீசஸ் குரங்கின் கருப்பை உட்சவ்வுத் துணுக்கை அதன் கண்ணின் முன்னறையில் ஒட்டவைத்து, கண்ணாடி போன்ற கருவிழி வழியே நாள்தோறும் கவனித்தார். ஹார்மோன் அளவு இறங்கியதும் சுருள் தமனிகள் இறுகின, ரத்தம் கிடைக்காத சவ்வு சிதைந்தது, பிறகுதான் ரத்தப்போக்கு. 1940-ல் வெளியான ஆய்வு. குரங்கின் பாடு பாவம்தான்.

● பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும், நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் பாய்ந்த குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கின்றன. தசை இல்லாத அவற்றால் தாமாகச் சுருங்க முடியாதே! கருப்பையின் குறுக்கும் நெடுக்குமான தசைநார்கள் வெளியிலிருந்து நெரித்து மூடுகின்றன. அந்த நெரிப்புக்குக் கட்டளை ஆக்சிடோசின். பிள்ளையை உடனே மார்பில் போடச் சொல்லும் நர்ஸம்மா பாலுக்காக மட்டும் சொல்வதில்லை: பிள்ளை சப்பச் சப்ப ஆக்சிடோசின் சுரக்கிறது.

● இந்த ஹார்மோனை 1953-ல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-ல் நோபல் பரிசு பெற்றார். பிரசவம் ஆனதும் போடும் 10 யூனிட் ஊசி அதுதான். சூட்டில் வீரியம் இழக்கும் என்பதால் ஃபிரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மாடு கறக்க இதே ஊசியைப் போடுகிறார்கள் என்று 2018-ல் மத்திய அரசு தனியார் தயாரிப்பைத் தடுத்தது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்காமல் போகும் ஆபத்தைப் பார்த்த டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே தடையை ரத்து செய்தது.

● ஆக்சிடோசினுக்கு அடங்காத ரத்தப்போக்குக்கு மெத்தர்ஜின் ஊசி உண்டு. அதன் மூலம் தானியக் கதிரில் வரும் ஒரு பூஞ்சை. அது கருப்பையோடு நிற்காமல் உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களையும் இறுக்கும். பிரசவ அறையில் அந்த ஊசியை எடுக்குமுன் டாக்டர் "பிபி எவ்வளவு?" என்று கேட்பது அதற்காகத்தான்.