மணிக்கு ஒரு கவசச் சட்டை இருந்திருந்தால்...

சுங்கை காடுட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் காட்டுப்பன்றி என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எங்கள் குடும்பத்துக் கதையின் நாயகன் மணி, மாமா வளர்த்த பழுப்பு நிற நாய்.

ஒருநாள் விடியற்காலையில், மாமாவுக்கு முன்னால் செம்பனை மரங்களுக்கிடையே ஓடிய மணி ஒரு பன்றியை மடக்கிக் குரைத்தது. அடுத்த நிமிடம் அலறல் கேட்டது. மாமா ஓடிப்போய்ப் பார்த்தபோது முன்னங்காலுக்குப் பின்னால் விரல் நீளத்துக்குத்தான் காயம் தெரிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டி, வீட்டுக்குத் தூக்கி வந்தார். மறுநாள் விடிவதற்குள் மணி செத்துவிட்டது. "சின்னக் காயம்தானேன்னு நெனச்சேன்டா" என்று மாமா இன்றும் சொல்வார்.

இப்போது நாய்களுக்கென்றே கவசச் சட்டைகள் இணையத்தில் விற்கின்றன. உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, தோட்ட வேலைக்குப் பின்னாலேயே வரும் நாயை வைத்திருப்பவர்களுக்கும் இவை பயன்படும். ஆனால் படத்தைப் பார்த்து வாங்கினால் காசும் போகும், நாயும் போகும்.

பன்றி எங்கே கிழிக்கும்?

ஆண் பன்றியின் கீழ்க் கோரைப்பற்கள் மேல் பற்களில் உரசி உரசித் தானாகவே கூர்மையாகிக்கொண்டிருக்கும். அது தலையைத் தாழ்த்தி, சட்டென்று மேல்நோக்கி வீசும். அதனால் நாய்க்கு நெஞ்சு, அக்குள், வயிறு, விலா, கழுத்து ஆகிய இடங்களில்தான் காயம் அதிகம் படும். முதுகை மட்டும் மூடும் சட்டையால் பெரிய பயன் இல்லை. கழுத்தில் மூச்சுக்குழாயும் பெரிய இரத்தக் குழாய்களும் இருப்பதால், அகலமான கழுத்துப் பட்டையும் தேவை.

இது பழைய கவலைதான். கண்ணப்ப நாயனார் தம் முதல் வேட்டையில் துரத்திப் போனதும் காட்டுப்பன்றியைத்தான். ஜெர்மானியப் பிரபுக்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலேயே தங்கள் பன்றி வேட்டை நாய்களுக்குத் துணியை அடுக்கித் தைத்த கனமான சட்டைகளை மாட்டினார்கள். இன்று துணிதான் மாறியிருக்கிறது.

எந்தத் துணி?

பெரும்பாலும் மூன்று வகை. பாலிஸ்டிக் நைலான், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீரர்களின் கவசத்துக்காக வந்தது. முள்ளுக்கும் உராய்வுக்கும் நன்றாகத் தாங்கும். கெவ்லர், 1965இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த இழை. எளிதில் அறுபடாது. ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் வலுவிழக்கும், குளோரின் வெளுப்பான் பட்டால் கெட்டுவிடும். மூன்றாவது, டைனீமா போன்ற பாலித்தீன் இழை. எடை குறைவு, தண்ணீரை உறிஞ்சாது. சூடு மட்டும் ஆகாது, எனவே இஸ்திரி போடக்கூடாது. எதுவாக இருந்தாலும் நிழலில் உலர்த்துங்கள்.

செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு சட்டையும் நீச்சல் சட்டையும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அவை பல்லைத் தடுக்காது. நல்ல கவசச் சட்டையும்கூடக் கிழிபடுவதைத்தான் பெருமளவு தடுக்கும். நேராகக் குத்தினால் ஊடுருவலாம். மோதும் வேகத்தில் விலா எலும்பு உடையலாம்.

அளவு எடுப்பது எப்படி?

தையல் நாடா ஒன்று போதும். கழுத்துச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வாலடி வரை நீளம் ஆகிய மூன்றையும் எடுங்கள். வெளிநாட்டுச் சட்டைகள் பருத்த உடல்வாகுள்ள நாய்களுக்கு அளவெடுத்தவையாக இருக்கலாம். நம் நாட்டு நாய்கள் பலவும் ஒல்லி. 'எம்', 'எல்' என்ற எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள்.

மாட்டியபின் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாயை நடக்க, உட்கார, தாண்ட விடுங்கள். பிறகு நீங்கள் தரையில் குனிந்து, பன்றி பார்க்கும் உயரத்திலிருந்து பாருங்கள். நெஞ்சும் அக்குளும் திறந்து தெரிந்தால் அந்தச் சட்டை வேண்டாம். தொங்கும் வார் செம்பனை மட்டை முள்ளில் மாட்டிக்கொள்ளும். ஆண் நாய்க்குச் சிறுநீர் கழிக்கும் இடம் மறையக்கூடாது. முதல் வாரம் வீட்டிலேயே பத்துப் பத்து நிமிடம் போட்டுப் பழக்கி, அக்குளில் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள்.

பல்லைவிடப் பெரிய எதிரி

நம் ஊர் வெயிலும் புழுக்கமும்தான் அது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. 15 கிலோ நாய்க்கு ஒன்றரைக் கிலோ சட்டை என்றால், 70 கிலோ மனிதர் 7 கிலோ சுமையோடு ஓடுவதற்குச் சமம். எனவே தேவையான இடங்களை மூடும் சட்டைகளில் எடை குறைந்ததை எடுங்கள். வெயில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இருக்கிறது

சட்டை வாங்கிவிட்டோம் என்று கிளம்பிவிட முடியாது. வேட்டை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம், அனுமதிக்கப்பட்ட முறை பற்றி முதலில் பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

காயம் பட்டால், அழுத்திக் கட்டி அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பன்றிப் பல் வெளியே சின்னதாகத் துளைத்து, உள்ளே ஆழமாகக் கிழித்திருக்கும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள், அதுவே நாய்க்கு விஷமாகலாம்.

மாமா இப்போது வளர்க்கும் நாய்க்கு அத்தைதான் தையல் நாடாவால் அளவு எடுத்தார். முதலில் வந்த சட்டை அக்குளில் இறுக்கியதால் திருப்பி அனுப்பி, வேறு வாங்கினார்கள். மாமாவின் வண்டியில் தண்ணீர்ப் புட்டி, கட்டுத் துணி, மருத்துவர் எண் எழுதிய அட்டை மூன்றும் எப்போதும் இருக்கும். பன்றியின் தடம் கண்டால் மாமா நாயை அவிழ்த்துவிடுவதில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.