தாத்தாவோட பல்செட்: முன்பல் அளவு எங்கிருந்து வருது?

புதுக்கோட்டையில 2023-ல அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. ஆலங்குடியில இருக்கிற தாத்தாவைப் பல்செட் கட்ட அங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு பல்லும் மிச்சமில்லாத வாய்க்கு முன்பல் எவ்வளவு அகலம்னு டாக்டர் எப்படி முடிவு பண்ணுவார்?

முகத்தை அளப்பாங்க. ரெண்டு கன்ன எலும்புக்கும் இடையில உள்ள அகலத்தை 16-ஆல வகுத்தா, மேல்வரிசை நடுப்பல் ஒண்ணோட அகலம் வரும்ங்கிறது பழைய கணக்கு. 128 மில்லிமீட்டர்னா, பல் 8. மூக்கோட ஓரத்துல இருந்து நேரா கீழே கோடு இழுத்தா, கோரைப்பல் நுனி கிட்டத்தட்ட அங்க வரும். 1914-ல லியான் வில்லியம்ஸ் இன்னும் மேல போனார்: முகத்தைத் தலைகீழாக் கவிழ்த்தா அதுதான் நடுப்பல்லோட வடிவம்னார். கேட்க அழகா இருக்கு. பின்னாடி அளந்து பார்த்த பலருக்கு அது ஒத்து வரல.

அளவெல்லாம் ஒரு தொடக்கம்தான். அதைவிட நம்பகமானது, பல் தெரியச் சிரிச்ச பழைய போட்டோ. (அந்தக் காலக் கல்யாண போட்டோல யார் சிரிச்சாங்க, அது வேற விஷயம்.) தேடி எடுத்துட்டுப் போங்க. மெழுகுல பல்லை அடுக்கி வாயில வச்சுப் பார்க்கிற நாள் ஒண்ணு வரும். அன்னைக்குக் கட்டாயம் கூட இருங்க. பல் பெருசா இருக்கு, ரொம்ப வெள்ளைன்னு தாத்தா சொன்னா அப்பவே மாத்திடலாம். அக்ரிலிக்குல வார்த்த பிறகு மாத்தறது பெரிய வேலை.