நஷ்டமில்லாத வேளாண்மை

வயலில் இறங்க ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு பல தேசங்களிலும் ஒலித்துக்கொண்டிருக்கும் இக்காலத்தில், கணினித் திரையில் உழுது, விதைத்து, களையெடுத்து, அறுவடை செய்வதற்காகக் கைப்பணம் செலவழித்து லட்சக்கணக்கானோர் முன்வருகிறார்கள் என்பது முதலில் கேட்பவருக்கு விநோதமாகவே தோன்றும். 2016 பிப்ரவரியில் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' என்னும் விளையாட்டு, 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் ஸ்தாபனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'ஃபார்மிங் சிமுலேட்டர் 25' முதல் வாரத்திலேயே 20 லட்சம் பிரதிகள் போயிற்று.

இந்த வம்சத்தின் மூலபுருஷர் யசுஹிரோ வாடா என்னும் ஜப்பானியர். மியாசகி பிரதேசத்துக் கிராமாந்தரத்தில் வளர்ந்து, பிழைப்புக்காக டோக்கியோவுக்கு வந்து சேர்ந்த அவர், விட்டுவந்த ஊரின் அருமையை நகரத்து நெரிசலிலே உணர்ந்து, சுடுவதும் வெட்டுவதுமே ஆட்டம் என்றிருந்த அந்நாளில், சண்டையே இல்லாமல் பயிரும் பசுவும் அக்கம்பக்கத்து மனிதருமாக ஓர் ஆட்டத்தை அமைத்தார். 1996இல் வந்த அதுவே பிற்பாடு மேல்நாடுகளில் 'ஹார்வெஸ்ட் மூன்' என்று பிரசித்தி பெற்றது.

வாடா மூட்டிய ஆசையை வியாபாரமாக்கியது 2009இல் ஃபேஸ்புக்கில் தோன்றிய 'ஃபார்ம்வில்'. ஸ்ட்ராபெரி விதைத்தால் நாலு மணி நேரத்தில் விளைந்துவிடும். உரிய காலத்தில் வந்து பறிக்காவிட்டால் வாடிப்போகும். ஆகவே அலுவலகத்தில் இருப்பவரும் அடுப்படியில் இருப்பவரும் மணி பார்த்துத் திரும்பத் திரும்ப வந்தார்கள். இதைப் பரிகசிக்க எண்ணிய இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், 2010இல், ஒரு மாட்டுப் படத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சொடுக்குவதைத் தவிர வேறெதுவும் இல்லாத 'கௌ கிளிக்கர்' என்ற ஆட்டத்தை வெளியிட, ஜனங்கள் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் அதையும் சிரத்தையாக ஆடினார்கள். மறு வருஷம் அவர் மாடுகளை அடியோடு மறையச் செய்த பிறகும், மாடு நின்ற வெற்றிடத்தைச் சிலர் சொடுக்கிக்கொண்டிருந்தார்களாம்! ஃபார்ம்வில்லின் முதல் பதிப்போ, அது ஓடுவதற்கு ஆதாரமான ஃபிளாஷ் நின்றுபோனதால், 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது.

சியாட்டிலைச் சேர்ந்த எரிக் பரோன், ஹார்வெஸ்ட் மூனில் மனம் தோய்ந்து, நாடக அரங்கு ஒன்றில் இருக்கை காட்டும் பணியாளாகப் பகுதி நேரம் உழைத்தபடி, நாலு வருஷத்துக்கும் மேலாகத் தனியொருவராய் நிரல், சித்திரம், சங்கீதம், சம்பாஷணை யாவற்றையும் தாமே ஆக்கி முடித்ததுதான் ஸ்டார்டியூ வேலி. கம்பெனி உத்தியோகத்தில் சலித்த ஒருவர் பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்துக்கு வருகிறார். கையில் 15 பார்ஸ்னிப் கிழங்கு விதைகள். கடையில் 20 பொன்னுக்கு வாங்கும் விதை நாலே நாளில் குறைந்தபட்சம் 35 பொன்னுக்குரிய கிழங்காகிறது. விளைந்ததை வாசலிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்தால், விடிந்ததும் பணம் சேர்ந்திருக்கும். தரகர் இல்லை, எடைக்குறைவு இல்லை, விலைச்சரிவும் இல்லை. மழை பெய்தால் அன்று தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், அவ்வளவே. ஒரு பருவத்துக்கு 28 நாள். ஆட்டத்தின் ஒரு நாளோ நம் கடிகாரத்தில் கால் மணி நேரம்கூட இல்லை. காக்கை சில செடிகளைக் கொத்துவதும், பருவம் மாறும்போது நிற்கும் பயிர் பட்டுப்போவதும் உண்டென்றாலும், உழைத்தவனுக்குப் பலன் நிச்சயம் என்ற விதி அங்கே மீறப்படுவது அபூர்வம். செய்த வேலைக்கும் வந்த பலனுக்கும் உள்ள சம்பந்தம் கண்ணுக்குத் தெரியாத உத்தியோகங்களில் நாளைக் கழிப்பவர்களை இழுப்பது மண்வாசனை அல்ல, இந்த நிச்சயமே என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு எதிர்த்திசையில் சென்றது, இருவரை மையமாகக் கொண்ட எடல்வைஸ் என்ற ஜப்பானியச் சிறு குழு 2020இல் வெளியிட்ட 'சகுனா'. தீவொன்றுக்குத் துரத்தப்பட்ட அறுவடைத் தேவதை, தான் விளைவிக்கும் நெல்லின் தரத்துக்கேற்பப் பலம் பெறுகிறாள். ஆதலால் விதை தேர்வு, நாற்று நடவு, பாத்தியில் தண்ணீரின் உயரம், களை, உலர்த்தல், கதிரடிப்பு, உமி நீக்கல் எல்லாவற்றையும் ஆடுபவரே கவனிக்க வேண்டும். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைப் போட்டு, பதர் மிதக்க மணி தங்கும் முறையை நம் வேளாண்மை அதிகாரிகளும் சொல்லித் தருகிறார்களல்லவா? அதே முறைதான் அங்கும். நிஜ நெற்சாகுபடி அறிவு ஆட்டத்திலும் பலிக்கிறது என்று கண்டவர்கள் ஜப்பானிய விவசாய அமைச்சகத்தின் இணையதளத்தைத் தேடிப் படிக்கப் புறப்பட்டு, அரசாங்கத் தளமே ஆட்டத்துக்கு உரைநூல் என்று வேடிக்கையாகப் பேசும்படி ஆயிற்று.

2008இல் தொடங்கிய ஃபார்மிங் சிமுலேட்டரின் கவர்ச்சி வேறு ரகம். அங்கே கதாநாயகன் டிராக்டர். ஜான் டியர், ஃபெண்ட், கிளாஸ் முதலிய கம்பெனிகளின் இயந்திரங்கள் அச்சு அசலாக வருகின்றன. நிஜத்தில் கோடி ரூபாய்க்கும் மேல் விலையாகும் அறுவடை இயந்திரத்தை ஆசை தீர ஓட்டலாம். வைக்கோல் கட்டுகளை வேகமாகக் கொட்டகையில் சேர்க்கும் பந்தயமாக 2019இல் தொடங்கிய இதன் லீக்குக்கு இரண்டரை லட்சம் யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. வங்கிக் கடனும் வட்டியும் ஏறி இறங்கும் விலையும் இதில் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நெல்லும் எருமையும் சேர்ந்துள்ள 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், பயிரை அழிக்கும் சூறாவளியும் ஆலங்கட்டி மழையும் முதன்முறையாக வந்திருக்கின்றன; வேண்டாதவர்கள் அந்தச் சேதத்தை நிறுத்தி வைக்க, அமைப்புப் பட்டியலிலேயே ஒரு தெரிவும் இருக்கிறது.