பத்து நாளும் திறந்திருக்கும் வாசல்

மார்கழி பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் பகுதியின் விடியலே வேறு. சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயிலில் திருப்பாவை ஒலிக்கிறது. நாமக்கல்லில் மேற்கூரையின்றி வான்வெளியில் நிற்கும் பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை தயாராகிறது. ஐயப்ப பக்தர்களின் சரண கோஷம் தெருதோறும் கேட்கிறது. பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையும் இதே நாள்களில் வருவதால், திருப்பதி, ஸ்ரீரங்கம், சபரிமலை என்று குடும்பத்தோடு புறப்படாத வீடுகள் குறைவு. தை பிறந்ததும் பழநிப் பாதயாத்திரை தொடங்கிவிடும்.

ஆண்டின் மிகப் புனிதமான இந்தக் காலத்தில்தான், புறப்பட்டவர்கள் வீடு திரும்பாத துயரச் செய்திகளும் வருகின்றன. நலமாகச் சென்று நலமாகத் திரும்புவதும் விரதத்தின் ஓர் அங்கமே என்பதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாளுக்கான நெரிசல்

2025 ஜனவரி 8 அன்று இரவு திருப்பதியில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டி, ஜனவரி 10 முதல் மூன்று நாள்களுக்கான இலவச தரிசனச் சீட்டுகள் மறுநாள் விடியற்காலையில்தான் வழங்கப்பட இருந்தன. முதல் நாள் மாலையே ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர். உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே கொண்டுவரக் கதவு திறக்கப்பட்டபோது, சீட்டு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என எண்ணிக் கூட்டம் முன்னோக்கிப் பாய்ந்தது என்று அப்போது அதிகாரிகள் கூறினர். ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் நம் சேலம் மாவட்டத்துப் பெண்மணி.

உயிரிழந்தவர்கள்மேல் பிழை சொல்வதற்கில்லை. கூட்டத்தை முறைப்படுத்துவது ஏற்பாடு செய்பவர்களின் கடமை. ஆயினும் ஓர் உண்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். திருமலையில் வைகுண்ட வாசல் அந்த ஆண்டு பத்து நாள்கள் திறந்திருந்தது. பத்தாம் நாள் சென்றவருக்கும் அதே வாசல்தான், அதே பெருமாள்தான்.

சபரிமலையிலும் இதே பாடம் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. 1999 ஜனவரி 14 அன்று பம்பையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரும், 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். இரண்டும் மகரஜோதி நாள்கள். புல்மேட்டில் ஜோதியைக் கண்டு திரும்பும் வழியில், இருள் சூழ்ந்த நேரத்தில் அந்த நெரிசல் நேர்ந்தது. இறந்தவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தோரும் பலர்.

ஆண்டாள் நாச்சியார் அருளிய பாசுரங்கள் முப்பது. மார்கழி முழுவதும் நாளுக்கொன்றாகப் பாடுகிறோம். நோன்பு என்பது ஒரே நாளில் ஓடி முடிப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் ஏகாதசியன்று உள்ளூர்ப் பெருமாள் கோயிலில் பரமபத வாசல் சேவை கண்டுவிட்டு, தொலைவிலுள்ள திருத்தலங்களுக்குக் கூட்டம் குறைந்த நாளில் செல்லலாம். புண்ணியத்தில் எள்ளளவும் குறையாது.

கூட்டத்தில் அகப்பட்டால்

நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நாற்புறமும் அழுத்தப்பட்டு மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். ஆகவே இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னே வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் விரிய அந்தச் சிறு இடைவெளி போதும். கீழே விழுந்த செருப்பையோ கைப்பையையோ எடுக்கக் குனியாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கிலேயே சற்றுச் சாய்வாக நகர்ந்து ஓரத்தை அடையுங்கள். சுவர், தடுப்புக் கம்பிகளை ஒட்டி நிற்பது ஆபத்து.

குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். சபரிமலையில் கேரளக் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டும் அடையாளப் பட்டையை மறுக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். பிரிய நேர்ந்தால் எங்கே சேர்வது என்பதைக் கோயிலுக்குள் நுழையும் முன்பே பேசி வைப்பது நலம்.

விடியற்காலைத் தூக்கம்

லாரித் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல்லில், அனுபவமுள்ள எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்: இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கண் தன்னையறியாமல் சொக்கும் நேரம். மார்கழியில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2022 டிசம்பர் 23 அன்று சபரிமலை சென்று திரும்பிய நம் தமிழகத்துப் பக்தர்களின் வண்டி குமுளி அருகே பள்ளத்தில் கவிழ்ந்து எட்டுப் பேர் உயிரிழந்ததை நினைவில் கொள்ளுங்கள். ஒரே ஓட்டுநரை இரவும் பகலும் ஓட்டச் சொல்வது பக்தியாகாது. இரண்டாவது ஓட்டுநருக்கான செலவைப் பங்கிட்டால் ஆளுக்குச் சிறு தொகையே வரும். தொப்பூர்க் கணவாயையும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையையும் பகல் வெளிச்சத்தில் கடக்குமாறு புறப்படும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

பாதயாத்திரை செல்வோருக்கு எடப்பாடிக் காவடிக் குழுவினரே நல்ல எடுத்துக்காட்டு. பழநி மலைமீது இரவு தங்கும் உரிமை பெற்ற அவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பாடான பெருங்குழுவாகச் செல்கிறார்கள். இருளில் தனித்து நடக்காதீர்கள். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்புறமாக நடந்து, பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

விரதத்தின்போது சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. உணவின்றிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்குவோரும் உண்டு. இரண்டுமே ஆபத்து. உபவாசத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள். நீலிமலை ஏற்றத்தில் நெஞ்சு கனத்தால் உடனே அமர்ந்து, வழியிலுள்ள அவசர மருத்துவ மையத்தின் உதவியை நாடுங்கள்.

பூட்டிய வீடு

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் சில சொற்கள். ஊருக்குப் புறப்படும் நாளன்று நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரிசிப் பானையில் ஒளிப்பது நம் பழைய வழக்கம். திருடனும் அதை நன்கறிவான். வங்கிப் பெட்டகமே பாதுகாப்பு. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. உள்ளே இருப்பதன் மதிப்பு அதைவிடக் கூடுதலானால் தனியே காப்பீடு செய்துகொள்வது நல்லது. வீடு பூட்டியிருக்கும் விவரத்தைக் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்தபின் பகிருங்கள்.

தங்கும் அறைக்கும் தரிசனச் சீட்டுக்கும் போலி இணையதளங்கள் பெருகிவிட்டன. தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் செலுத்தாதீர்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை; ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்’ என்பவர் எவராயினும் மோசடிக்காரரே. ஏமாந்தது தெரிந்ததும் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சமையலறையை மறக்க வேண்டாம். சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 அன்று காலை சமையல் எரிவாயு வெடித்து வீடுகள் இடிந்து உயிர்கள் பலியானதை நம் நகரம் கண்டது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே கலையாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஊருக்குப் புறப்படும்போதும் இரவில் உறங்கப்போகும்போதும் ரெகுலேட்டரை மூடுங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாடை தெரிந்தால், விளக்கு ஸ்விட்சைத் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். பூஜையறை விளக்கைக் குளிரவைத்த பின்பே வீட்டைப் பூட்டுங்கள்.

விடியலில் கோலமிடும் தாய்மார்கள் வாசல் விளக்கை எரியவிட்டு, சாலைக்கு முதுகு காட்டாமல் அமர்ந்து கோலமிடட்டும். கழுத்துச் சங்கிலிக்கும் அதுவே காப்பு. வேகமாக வரும் வண்டியிலிருந்தும் அதுவே காப்பு.

இருமுடி கட்டும்போது வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துப் புறப்படுகிறோம். யாத்திரை முடிந்து அதே வாசலுக்குத் திரும்பி வந்து, காத்திருப்பவர்களின் கையில் பிரசாதம் கொடுக்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. இந்த மார்கழியிலும் தையிலும் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் குறைவின்றித் திரும்ப நாமகிரித் தாயாரும் நரசிம்மப் பெருமாளும் துணை நிற்பார்களாக.